மாதவிடாய்ச் சுழற்சியும் குருதிக்குழாயும்: அளக்கும்போது நாம் விடும் பிழைகள்

வெள்ளவத்தையில் லிஃப்ட் பழுதாகிக் கிடக்கும் தொடர்மாடி ஒன்றில் நான்காம் மாடிக்குப் படியேறி வந்து, ஃபேனைப் போட்டுவிட்டு, ஒரு கையில் தேத்தண்ணியும் மறு கையில் பிரஷர் மெஷினுமாக உட்கார்ந்தால் 128/84 காட்டும். போன கிழமை 112/70 தான் இருந்தது. பீரியட்ஸ் வர இன்னும் மூன்று நாள். “எல்லாம் ஹோர்மோன் வேலை” என்று முடிவு கட்டிவிடுவோம். படியும் தேத்தண்ணியும் மடியில் தொங்கிய கையும் சேர்ந்து செய்ததை ஹோர்மோனின் தலையில் கட்டுவதுதான் இந்த விடயத்தில் அடிக்கடி நடக்கும் பிழை.

மாதச் சுழற்சிக்கும் குருதிக்குழாய்க்கும் தொடர்பே இல்லை என்று அடித்துச் சொல்வதும் பிழைதான். தொடர்பு இருக்கிறது. ஆரோக்கியமான பெண்ணில் அந்த மாற்றம் சிறியது. எவ்வளவு சிறியது என்றால், கையை எங்கே வைத்தோம், எப்போது சாப்பிட்டோம், முதல் நாளை எப்படி எண்ணினோம் என்பவற்றில் வரும் வழு அதை முழுதாக மறைத்துவிடும். வீட்டில் பிரஷர் பார்ப்பவர்களுக்கும், இந்தத் தலைப்பில் ஆய்வு செய்யப் புறப்படும் மாணவர்களுக்கும் இது ஒன்றுபோலவே பொருந்தும்.

குழாய்க்குள் என்ன நடக்கிறது

நாடியின் உட்பக்கத்தில் ஒரேயொரு கலத் தடிப்பில் ஒரு படை இருக்கிறது. அகவணி என்று பாடப்புத்தகம் சொல்லும். வெறும் உள்பூச்சு என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1980இல் ரொபர்ட் ஃபேர்ச்கொட் முயலின் பெருநாடித் துண்டுகளை வைத்துச் செய்த பரிசோதனையில் ஒரு வேடிக்கை தெரிந்தது. அசற்றைல்கோலின் என்ற நரம்புச் சமிக்ஞைப் பொருளை விட்டதும் சில துண்டுகள் தளர்ந்தன, சில தளரவே இல்லை. தளராதவற்றில், வெட்டித் தயாரிக்கும்போது உள்படை உரசுப்பட்டுப் போயிருந்தது. குழாயைத் தளர்த்தும் ஏதோவொன்றை அந்தப் படைதான் விடுகிறது என்று அதிலிருந்து விளங்கியது. அந்த ‘ஏதோவொன்று’ நைட்ரிக் ஒக்சைட் என்ற வாயு என்று பிறகு உறுதியானது. 1998இல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

குருதி வேகமாக ஓடும்போது சுவரில் ஏற்படும் உராய்வை அகவணி உணர்கிறது, நைட்ரிக் ஒக்சைட்டை விடுகிறது, அதற்கு வெளியே உள்ள தசை தளர்கிறது, குழாய் விரிகிறது. சூலகத்திலிருந்து வரும் ஈஸ்ட்ரடயோல் என்ற ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோன் இந்த வாயுவை உண்டாக்கும் நொதியத்தை இரண்டு வழியில் தட்டி எழுப்பும். அகவணிக் கலத்தின் மேற்பரப்பில் உள்ள வாங்கிகள் வழியாகச் சில நிமிடங்களிலேயே ஒரு தூண்டல். கலத்தின் கருவுக்குள் போய் அந்த நொதியத்தைக் கூடுதலாகச் செய்யவைக்கும் இன்னொன்று மணிக்கணக்காக, நாட்கணக்காக நடப்பது. கூடவே புரஸ்டசைக்கிளின் என்ற விரிக்கும் பொருளும் கூடுகிறது.

சரி, மாதத்தில் எப்போது எவ்வளவு? இரத்தம் போகும் முதல் நாட்களில் ஈஸ்ட்ரடயோல் மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 20 முதல் 50 பிக்கோகிராம். முட்டை வெளிவருவதற்குச் சற்று முன் அது 200 முதல் 400 வரை பாயும். பிறகு விழுந்து, பின்பாதியின் நடுவில் மறுபடி 100, 200 என்று ஒரு சிறு மேடு கட்டும். சூலகத்தின் இன்னொரு ஹோர்மோனான புரோஜெஸ்டரோன், முட்டை வெளிவருவதற்கு முந்திய முன்பாதி முழுக்க மில்லிலீற்றருக்கு 1 நனோகிராமுக்குக் கீழே படுத்திருக்கும். முட்டை வெளிவந்த ஒரு கிழமையில் 5க்கு மேல் ஏறும், சிலரில் 20ஐயும் தொடும்.

முட்டை வெளிவருவதற்கு முந்திய இரண்டு மூன்று நாள்தான் ஈஸ்ட்ரடயோல் தனியாக ஆட்சி செய்யும் நேரம். குழாயின் விரியும் திறன் கூடியிருக்கக்கூடிய நாட்களும் அவைதான். பின்பாதியில் இழுபறி. ஈஸ்ட்ரடயோல் விரிக்கப் பார்க்கிறது. ஆனால் தசைக்குப் போய்க் குழாயைச் சுருக்கும் பரிவு நரம்புகளின் செயற்பாடு அந்த நாட்களில் கூடுகிறது. புரோஜெஸ்டரோன், உப்பைப் பிடித்துவைக்கும் அல்டொஸ்டெரோனின் இடத்தில் தான் போய் உட்கார்ந்து அதைத் தடுக்கிறது. உடல் அதற்கு எதிராக இன்னும் அல்டொஸ்டெரோனைச் சுரக்கிறது. இத்தனை கயிறும் இழுபட்ட பிறகு பிரஷரில் மிஞ்சுவது பொதுவாக ஒன்றிரண்டு புள்ளி. இதயத்துடிப்பு நிமிடத்துக்கு இரண்டு மூன்று கூடும். உடல் வெப்பநிலை 0.3 முதல் 0.5 பாகை செல்சியஸ் வரை உயரும்.

குருதிக்குழாயில் மாதாமாதம் உண்மையிலேயே பெரிய கூத்து நடக்கும் இடம் கையோ இதயமோ இல்லை, கருப்பை. அதன் உட்படைக்குப் போகும் சுருளி நாடிகள் புரோஜெஸ்டரோன் விழுந்ததும் இறுக்கிப் பிடித்துச் சுருங்குகின்றன. குருதி கிடைக்காத படை கழன்று விழுகிறது. 1940இல் மார்க்கீ என்ற ஆய்வாளர் ரீசஸ் குரங்கின் கருப்பை உட்படையை அதன் கண்ணின் முன்னறையில் பதியவைத்து இதை நேரடியாகவே பார்த்துவிட்டார். கண் ஒரு ஜன்னல் மாதிரி உதவியது. அந்தச் சுருக்கத்தை நடத்தும் புரஸ்டகிளாண்டின்தான் வயிற்றுக்குத்துக்கும் காரணம். வலிக் குளிசை பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

பதினான்காம் நாள் என்ற மயக்கம்

முட்டை 14ஆம் நாள் வெளிவரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது, 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. சுழற்சி 24 நாளிலிருந்து 38 நாள் வரை இருப்பது இயல்பு. நீளமும் குட்டையும் பெரும்பாலும் முன்பாதியில்தான் வரும். முட்டை வெளிவந்தபின் அடுத்த பீரியட்ஸ் வரையான நாட்கள் பலரில் 12 முதல் 14, சிலரில் 10 அல்லது 16. ஆகவே பின்னாலிருந்து எண்ண வேண்டும். 24 நாள் சுழற்சியில் முட்டை 10ஆம் நாள் அளவில், 35 நாள் சுழற்சியில் 21ஆம் நாள் அளவில். 35 நாள்காரியை 14ஆம் நாள் கூப்பிட்டு அளந்துவிட்டு “உச்ச ஈஸ்ட்ரோஜன் நாளிலும் நாடியில் மாற்றமில்லை” என்று எழுதினால், அந்த நாளில் உச்சமே இருந்திருக்காது.

முதல் நாள் எது என்பதிலும் குழப்பம் உண்டு. பிரவுண் நிறத்தில் துளித்துளியாகப் படுவது முதல் நாள் ஆகாது. பேட் வைக்கத் தேவைப்படும் அளவுக்குச் சிவப்பாக இரத்தம் வரத் தொடங்கும் நாள்தான் 1. துளி பட்ட நாளிலிருந்து எண்ணுபவர்கள் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போய் நிற்பார்கள். போனில் இருக்கும் செயலியும் நீங்கள் கொடுத்த தேதியை வைத்துத்தான் ஊகிக்கிறது. உள்ளே முட்டை வெளிவந்ததா என்று அதற்குத் தெரியாது.

தெரிய வேண்டுமானால் ஃபார்மசியில் கிடைக்கும் எல்.எச். (முட்டையை வெளிவரச் செய்யும் ஹோர்மோன்) சிறுநீர்ப் பட்டி உதவும். சுழற்சி நீளத்திலிருந்து 17ஐக் கழித்தால் தொடங்கும் நாள்: 30 நாள் சுழற்சிக்கு 13ஆம் நாள். விடியற்காலைச் சிறுநீரில் பார்ப்பது வழக்கமான பிழை. எல்.எச். பாய்ச்சல் பெரும்பாலும் காலையில் தொடங்கி, சிறுநீரில் தெரியச் சில மணி நேரம் எடுக்கும். மதியத்துக்குப் பிறகு, தினமும் ஒரே நேரத்தில், அதற்கு முன் இரண்டு மணி நேரம் நிறையத் தண்ணீர் குடிக்காமல் பாருங்கள். சோதனைக் கோடு பக்கத்துக் கட்டுப்பாட்டுக் கோட்டின் அளவுக்கோ அதைவிட அடர்த்தியாகவோ இருந்தால்தான் ‘ஆம்’. மங்கலாக ஒரு கோடு தெரிவது கணக்கில்லை. தெளிவாக வந்தால் அடுத்த ஒன்றரை நாளுக்குள் முட்டை வெளிவரும்.

மாதாமாதம் ஒழுங்காக இரத்தம் போகிறது, ஆகவே முட்டையும் வெளிவருகிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. முட்டை வராத சுழற்சியிலும் இரத்தம் போகும். உறுதிப்படுத்த, அடுத்த பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன் புரோஜெஸ்டரோன் பார்க்க வேண்டும். ‘21ஆம் நாள் டெஸ்ட்’ என்று எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பது 28 நாள்காரிக்குச் சரி. 35 நாள்காரிக்கு அது 28ஆம் நாள்.

ரிப்போர்ட் வந்ததும் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், அலகைப் பாருங்கள். கொழும்பில் எல்லா லாபும் ஒரே அலகில் தருவதில்லை. புரோஜெஸ்டரோன் 4.2 என்று இருக்கிறது என வையுங்கள். அது மில்லிலீற்றருக்கு நனோகிராம் என்றால், 3ஐத் தாண்டியிருப்பதால் முட்டை வெளிவந்திருக்கிறது. அதே 4.2 லீற்றருக்கு நனோமோல் என்றால் 3.18ஆல் வகுக்க வேண்டும், 1.3 தான் வரும், அதை வைத்து அப்படிச் சொல்ல இயலாது. ஈஸ்ட்ரடயோலிலும் இதே பொறி: 180 பிக்கோகிராம் உச்சத்தை நெருங்கும் அளவு, 180 பிக்கோமோல் என்றால் 3.67ஆல் வகுத்து 49, முதல் நாட்களின் தாழ்ந்த அளவு. ஒரே எண் இரண்டு வெவ்வேறு கட்டங்களைச் சொல்லும்.

நாடி விரிவதை அளக்கும்போது

குருதிக்குழாயின் திறனைக் கீறாமல் குத்தாமல் பார்க்கும் வழி ஒன்று 1992இல் இருந்து புழக்கத்தில் இருக்கிறது. முன்னங்கையை ஐந்து நிமிடம் காற்றடைக்கும் பட்டியால் இறுக்கிக் கட்டிவிட்டு விடுவார்கள். குருதி பாய்ந்து வரும்போது மேற்கை நாடி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள். எஃப்.எம்.டி. என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். இது ஆய்வுக்கூடச் சோதனை. ஆரோக்கியமான பெண் ஒருவர் செக்கப் என்று காசு கொடுத்துச் செய்யத் தேவையில்லை.

1995இல் ஜப்பானியக் குழுவொன்று, இரத்தம் போகும் நாட்களைவிட மற்றைய கட்டங்களில் இளம்பெண்களின் நாடி தெளிவாகக் கூடுதலாக விரிகிறது என்று காட்டியது. நாக்கின் கீழ் நைட்ரோகிளிசரின் கொடுத்தபோது கட்டத்துக்குக் கட்டம் மாற்றமில்லை. அதாவது தசையின் திறன் அப்படியே இருக்கிறது, அகவணியின் பங்குதான் மாறுகிறது. பிறகு வந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் மாற்றம் உண்டு, சிலவற்றில் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் முட்டை வெளிவருவதற்கு முன் சிறியதொரு உயர்வு தெரிகிறது, சான்றின் உறுதி குறைவு. நாடியின் விறைப்பைக் காட்டும் துடிப்பலை வேகம் பெரும்பாலும் அசையவே இல்லை. இந்த முரண்பாட்டில் ஒரு பங்கு உடலுடையது. பெரிய பங்கு அளந்தவர்களுடையது என்பது எங்கள் எண்ணம்.

பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். படுத்திருக்கும் பெண்ணின் மேற்கை நாடி விட்டம் 3.20 மில்லிமீற்றர். பட்டியைத் தளர்த்தியபின் உச்சம் 3.42. வித்தியாசம் 0.22, 3.20ஆல் வகுத்தால் 6.9 சதவீத விரிவு. இப்போது உச்சத்தைக் குறிக்கும்போது குறியீடு 0.05 மில்லிமீற்றர் தள்ளிப்போய் 3.47 என்று விழுகிறது. விரிவு 8.4 ஆகிவிடும். ஒரு தலைமயிரின் தடிப்பளவு கூட வராத வழு, ஒன்றரைச் சதவீதப் புள்ளியை உண்டாக்கிவிட்டது. சுழற்சியால் வரும் என்று நாம் தேடும் மாற்றமும் ஏறத்தாழ அந்த அளவுதான். அதனால் கையால் குறிப்பதை விட்டு, விளிம்பைத் தானே தொடர்ந்து பிடிக்கும் மென்பொருளைப் பாவிக்க வேண்டும். அளப்பவருக்கு அது எந்தக் கட்டத்தின் படம் என்று தெரியக்கூடாது.

பட்டி எங்கே என்பதில் பெரிய பிழை நடக்கும். பட்டி முழங்கை மடிப்புக்குக் கீழே, முன்னங்கையில். அல்ட்ராசவுண்ட் முனை முழங்கைக்கு மேலே. பட்டியை மேற்கையில் கட்டினால் விரிவு இன்னும் பெரிதாக வரும், பார்க்கச் சந்தோஷமாகவும் இருக்கும். ஆனால் அதில் நைட்ரிக் ஒக்சைட் அல்லாத காரணங்களும் கலந்துவிடும். பட்டியின் அமுக்கம் மேல் பிரஷரைவிட (இரண்டு எண்களில் பெரியது) குறைந்தது 50 கூட. 110 உள்ளவருக்கு 160க்குக் கீழே வைத்தால் நாடி முழுதாக மூடாமல் போகலாம். ஐந்து நிமிடத்துக்குக் கடிகாரம் வையுங்கள், மனக்கணக்கில் வேண்டாம். தளர்த்துவதற்கு 30 செக்கன் முன்பே பதிவைத் தொடங்கி, தளர்த்திய பின் 3 நிமிடம் தொடர வேண்டும். சரியாக 60ஆவது செக்கனில் ஒரு படம் எடுத்து அதையே உச்சம் என்று எழுதுவது பழைய பழக்கம். உச்சம் சிலருக்கு 45இல் வரும், சிலருக்கு 90இல்.

சோதனைக்கு முன் சாப்பாடு. கொழுப்புக் கூடிய ஒரு வேளை உணவு அகவணியின் திறனைச் சில மணி நேரத்துக்குக் குறைத்துவிடும். முன்னிரவு கொத்து ரொட்டி என்றால் பரவாயில்லை. காலையில் இரண்டு ரோல்ஸும் பால்தேத்தண்ணியும் முடித்துவிட்டு வந்தவரை அளப்பதில் அர்த்தமில்லை. ஆகக் குறைந்தது 6 மணி நேரம் வெறும் வயிறு. முதல் நாள் இரவிலிருந்தே கோப்பி, தேத்தண்ணி, சிகரெட், மது வேண்டாம். 24 மணி நேரம் கடும் உடற்பயிற்சி இல்லை. அறை 22 முதல் 24 பாகை. வெளியே 31 பாகை வெயிலில் 100ஆம் நம்பர் பஸ்ஸில் நின்று வந்தவரை உடனே படுக்கவைத்து அளந்தால் தோலுக்குப் போகும் குருதி இன்னும் அடங்கியிருக்காது. பதினைந்து இருபது நிமிடம் இருட்டாக, பேச்சில்லாமல் படுத்திருக்கட்டும். இரண்டாம் மூன்றாம் வருகைகளும் அதே மணி நேரத்தில்.

ஆய்வு வடிவமைப்பில் கண்ணில் படாமல் தப்பும் ஒன்று: எல்லாப் பெண்களுக்கும் முதல் வருகையை இரத்தம் போகும் நாட்களில் வைப்பது. நாள் எண்ணச் சுகம் என்பதற்காகச் செய்வார்கள். முதல் வருகையில் எல்லோருக்கும் பதற்றம் கூட. ஐந்து நிமிடம் கை விறைத்துப் போவது புதிது. அந்தப் பதற்றத்தின் விளைவு அப்படியே ‘மாதவிடாய்க் கட்டத்தின் விளைவு’ என்று எழுதப்பட்டுவிடும். பாதிப் பேருக்குப் பின்பாதியிலிருந்து தொடங்குங்கள். இன்னொரு பக்கம், இவ்வளவு தலையிடி எதற்கு என்று பெண்களையே ஆய்விலிருந்து விலக்கிவிடுவது. ஆண்களின் நாடியை அளந்து பெண்களுக்கு மருந்து எழுதும் நிலைக்கு மருத்துவம் வந்ததில் அந்தச் சோம்பலுக்கும் பங்குண்டு.

வீட்டுப் பிரஷர் மெஷின்

முதலில் கையை அளவுங்கள். தையல் டேப்பை எடுத்து, தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றளவு. மெஷினோடு வழக்கமாக வரும் பட்டி பெரும்பாலும் 22 முதல் 32 சென்றிமீற்றருக்கு உரியது. பட்டியின் ஓரத்திலேயே அச்சடித்திருக்கும். 35 சென்றிமீற்றர் கைக்கு அதைச் சுற்றினால் பிரஷர் பொய்யாகக் கூடும்.

கையின் உயரம் அடுத்தது. பட்டி இதய மட்டத்தில் இருக்க வேண்டும், கை மேசையில் தாங்கியிருக்க வேண்டும். பட்டி இதயத்துக்கு 10 சென்றிமீற்றர் கீழே போனால் 7, 8 புள்ளி கூடும். இது வெறும் நீர்த்தம்பக் கணக்கு, ஹோர்மோனோடு சம்பந்தமில்லை. பேசினால் கூடும். கால்மேல் கால் போட்டால் கூடும். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தால் கூடும். நாம் தேடும் சுழற்சி மாற்றமோ ஒன்றிரண்டு புள்ளி. கூட்டிப் பாருங்கள்.

சரியான முறை: தேத்தண்ணி, கோப்பி, உடற்பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, முதுகு சாய்த்து 5 நிமிடம் சும்மா இருந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம். காலையும் மாலையும், ஏழு நாள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மிச்ச ஆறு நாளின் 24 அளவுகளுக்கும் சராசரி. அது 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் வைத்தியரிடம் போகலாம்.

சுழற்சியோடு ஒப்பிட ஆசையென்றால், இரத்தம் போகத் தொடங்கியதிலிருந்து ஒரு கிழமையும், அடுத்த பீரியட்ஸுக்கு முந்திய ஒரு கிழமையும் இப்படி அளந்து, மூன்று சுழற்சிக்குத் தொடருங்கள். ஒரு மாதத்து வித்தியாசத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மூன்று மாதமும் ஒரே திசையில் 3, 4 புள்ளி என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். 10 புள்ளிக்கு மேல் மறுபடி மறுபடி வந்தால் ஹோர்மோன் என்று ஆறுதல்படாமல் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அந்தக் கொப்பியில் குளிசைக்கும் ஒரு நிரல் வேண்டும். வயிற்றுக்குத்துக்கு நம் வீடுகளில் மெஃபனமிக் அசிட், இபுபுரொஃபன், டைக்ளோஃபெனாக் இல்லாத மருந்துப்பெட்டி குறைவு. இவை புரஸ்டகிளாண்டினை அடக்குவதால்தான் வலி குறைகிறது. அதே அடக்குதலில் குழாயை விரிக்கும் புரஸ்டசைக்கிளினும் குறையும், சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் பிடித்துவைக்கும். ஏற்கெனவே பிரஷர் உள்ளவர்களில் சராசரியாக 3 முதல் 5 புள்ளி கூடலாம். ஆக, முதல் இரண்டு நாள் பிரஷர் கூடுவது ‘மாதவிடாயால்’ என்று தெரிவது, உண்மையில் அந்தக் குளிசையால் இருக்கலாம். ஆரோக்கியமானவர் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மூன்று நாள் எடுப்பதில் பயமில்லை. மெஃபனமிக் அசிட் என்றால் 500 மில்லிகிராம், நாளைக்கு மூன்று தரத்துக்கு மேல் வேண்டாம். வயிற்றுப்புண், சிறுநீரக வருத்தம், ஆஸ்துமா, பிரஷர் உள்ளவர்கள் கேட்காமல் எடுக்கக்கூடாது.

“இரத்தம் போகுதுதானே, பிரஷர் இறங்கும்”

இது அம்மம்மா காலத்துப் பேச்சு. ஒரு மாதவிடாயில் போகும் குருதி பொதுவாக 30 முதல் 40 மில்லிலீற்றர், அதுவும் நான்கைந்து நாளில். நாரஹேன்பிட்டி இரத்த வங்கியில் பத்து நிமிடத்தில் 450 மில்லிலீற்றர் கொடுத்துவிட்டு எழுந்து பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். 40 மில்லிலீற்றருக்குப் பிரஷர் இறங்காது.

தலைச்சுத்து, படியேற மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பது இருந்தால் சந்தேகப்பட வேண்டியது மாதக்கணக்காகச் சேர்ந்த இரத்தச்சோகை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைவது, இரண்டு ரூபாய்க் குற்றியளவுக்குக் கட்டி கட்டியாகப் போவது, எட்டு நாளுக்கு மேல் நீள்வது எல்லாம் இயல்பு மீறியவை. ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே என்றால் சோகை. சோகையில் குருதி மெலிந்து வேகமாக ஓடும், இதயம் விரைவாக அடிக்கும். குழாயின் அளவீடுகள் எல்லாமே மாறும். அதைச் சுழற்சியின் கணக்கில் எழுதினால் நோயும் தப்பிவிடும், ஆய்வும் கெட்டுவிடும். இரும்புக் குளிசையைப் பிளேன்டீயோடு விழுங்குவது வீண். தேயிலை இரும்பைப் பிடித்துவைத்துவிடும். தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்து, தேத்தண்ணியை ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள்.

வெக்கை பற்றி ஒரு வரி. பின்பாதியில் உடல் வெப்பநிலை உயர்வதோடு, வியர்ப்பதும் தோலின் குழாய்கள் விரிவதும் தொடங்கும் வெப்பமட்டமும் அதே அளவுக்கு மேலே நகரும். ஏப்ரல் மாதத்துக் கொழும்பில் பீரியட்ஸுக்கு முந்திய கிழமை வழமையைவிடப் புழுங்குவதாகப் படுவது கற்பனை இல்லை.

கட்டுப்பாட்டுக் குளிசை எடுப்பவர்கள்

குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசைப் பெட்டியில் 21 ஹோர்மோன் குளிசையும் ஹோர்மோன் இல்லாத 7 குளிசையும் இருக்கும். அந்த ஏழு நாளில் போகும் இரத்தம் சுழற்சியின் மாதவிடாய் இல்லை. ஹோர்மோன் நிறுத்தப்பட்டதால் வருவது. சூலகம் தூங்கிக்கொண்டிருக்கிறது, முட்டை வெளிவருவதில்லை, மேலே சொன்ன உச்சமும் மேடும் இல்லை. ஆகவே “எனக்கு 28 நாள் ஒழுங்காக வருது” என்று இவர் சொல்வதை இயற்கைச் சுழற்சியோடு சேர்த்து எண்ணக்கூடாது. மூன்று மாத ஊசி போட்டவருக்கும் அதே கதைதான்.

கூட்டுக் குளிசையில் இருக்கும் எதினைல் ஈஸ்ட்ரடயோல் உடல் சுரப்பதைவிட ஈரலில் வலுவாக வேலை செய்யும். சிலரில் பிரஷரைக் கூட்டும், குருதி உறைவதைச் சற்றுக் கூட்டும். பிரஷர் பார்க்காமல் தொடங்குவது பிழை. தொடங்கிய சில மாதத்தில் மறுபடி பார்க்காததும் பிழை. 140/90க்கு மேலானவர், 35 வயது தாண்டிப் புகைப்பவர், கண்முன் மின்னல்கோடு தெரிந்து பின் தலையிடி வரும் ஒற்றைத் தலைவலிக்காரர் ஆகியோருக்குக் கூட்டுக் குளிசை பொருந்தாது. கடைசியாகச் சொன்னதைப் பலர் கிளினிக்கில் சொல்வதே இல்லை, கேட்டால் “அது பிரஷர் இல்லையே” என்பார்கள். அவர்களில் மூளைக்குழாய் அடைப்பின் ஆபத்து கூடுவதால்தான் கேட்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் இல்லாத வேறு முறைகள் இருக்கின்றன. உங்கள் பகுதி மருத்துவமாதுவிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்கலாம்.

பீரியட்ஸ் நின்றுபோனால் “நல்லம், தொல்லை விட்டது” என்று இருப்பவர்களும் உண்டு, முக்கியமாகக் கடும் பயிற்சியும் குறைந்த சாப்பாடுமாக இருக்கும் இளம்பெண்கள். ஈஸ்ட்ரடயோல் நீண்டகாலம் தாழ்ந்திருந்தால் எலும்பு மட்டுமில்லை, அகவணியின் திறனும் குறைகிறது. கர்ப்பம் இல்லை என்று உறுதியானபின் மூன்று மாதம் தாண்டினால் காட்ட வேண்டும். மறுபக்கம், இந்தக் கிழமை ஓடலாம், அந்தக் கிழமை யோகா மட்டும் என்று சுழற்சிக்கு ஏற்ப அட்டவணை விற்கிறார்கள். குருதிக்குழாயைப் பொறுத்தவரை அதற்குப் பலமான ஆதாரம் கிடையாது. காலிமுகத்திடலில் கிழமைக்கு ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாக நடப்பது எந்த நாளில் செய்தாலும் அகவணிக்கு நல்லது.

நெஞ்சில் அமத்துவது, தாடைக்கோ முதுகுக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டுவது ஆகியவற்றைப் பீரியட்ஸ் நேரத்துக் களைப்பு என்று படுத்துக் கழிக்க வேண்டாம். குளிசை எடுப்பவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி நோவதும், திடீரென்று மூச்சு வாங்குவதும், வாய் கோணுவதும் இதே வகை. முப்பது வயது என்பதால் வராது என்று இல்லை. 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கடைசிப் பீரியட்ஸ் தேதியையும் எடுக்கும் குளிசையின் பெயரையும் அவர்களிடம் சொல்லுங்கள், முடிந்தால் குளிசைப் பெட்டியையே கையில் கொண்டுபோங்கள்.